உன் இருமலில் நிற்கிற வள்ளம்

என்ரை அன்பு மச்சான் சின்னராசா,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வள்ளம் வலித்த பின்னேரங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் என் களிசானுக்குள் ஒரு சின்னத் தலையணை இருந்தது. இலவம் பஞ்சு அடைத்தது. வள்ளத்து வாங்குப் பலகை முதல் கிழமையே என் பின்பக்கத்தை உரித்துவிட்டது. என் மனைவி பழைய தலையணை ஒன்றைப் பிரித்து, அளவெடுத்து, களிசானின் உட்புறத்தில் தைத்துத் தந்தாள். ஒருநாள் நீ எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய்: "வலிக்க வலிக்க மற்றவங்கள் மெலியிறாங்கள். எங்கடை மச்சான் மட்டும் பின்னாலை வளர்ந்துகொண்டு போறார்." அது குடும்பப் பாரம் என்று சொல்லி நான் தப்பினேன். இப்போது உண்மை உனக்குத் தெரியும். சிரிக்கிறாயா?

நீ போய் ஒரு வருஷம் ஆகிற ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். மற்றவர்கள் வெண்பா, விருத்தம் என்று கொடுத்துவிட்டார்கள். உன் தவமணி வந்து, "அண்ணை, நீங்களும் ஒண்டு எழுதுங்கோ. உங்களுக்குத்தானே அவரை வடிவாத் தெரியும்" என்றாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன்னோடு கடற்கரைக்கு ஓடினவன் நான் என்பது என் சொந்தத் தங்கச்சிக்கே மறந்துபோயிற்று. எனக்குப் பாட்டுக் கட்ட வராது. உன்னோடு கதைக்கத்தான் தெரியும். அதனால் கதைக்கிறேன். பக்கத்தில் நின்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

ஊர்ப் புதினம் கேட்பாய். மீன்பிடிக்கக் கடலை இன்னும் திறந்துவிடவில்லை. நேவிக்காரன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். இப்போது பெற்றோலும் வருவதில்லை. மெஷின் பூட்டிய வள்ளம் வைத்திருந்தவர்களும் எங்களைப்போல் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். உன் வீட்டு முருங்கை மட்டும் நடப்பது ஒன்றும் தெரியாமல் காய்த்துத் தள்ளுகிறது. முருங்கைக்காய்க் கறி தின்று தின்று எனக்கு அலுத்துவிட்டது. தவமணியிடம் சொல்லாதே.

கடலுக்குப் போகக் கூடாது என்று நேவிக்காரன் சொன்ன அந்த மாதம் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கரைவலை வள்ளம் மணலில் கிடந்து காய்ந்தது. பலகைப் பொருத்துகள் வாயைத் திறக்கத் தொடங்கின. நீ ஒவ்வொரு நாளும் போய் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவாய். பிறகு ஒருநாள் இரண்டு மாட்டு வண்டிலைக் கொழுவி, அதை இழுத்துக்கொண்டு வந்து உப்பாற்றில் விட்டாய். மீனே இல்லாத இடத்தில் கரைவலை வள்ளமா என்று ஊர் சிரித்தது. முதலில் சிரித்தவன் நான்தான்.

"சிரி. சிரிச்சுப்போட்டு ஏறி இரு" என்றாய். அவ்வளவுதான். எங்கள் குழு தொடங்கியது அப்படித்தான்.

கடற்காரர் மட்டும் என்றால் ஆள் காணாது என்று கண்ட எல்லாரையும் ஏற்றினாய். தபால்காரர் நடராசா வந்தார். சலூன் மணியம் வந்தான். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு இரண்டு பேர் மண்காலோடு வந்தார்கள். வேலையில்லாத கையும் வேலை அலுத்த கையும் ஒரே வள்ளத்தில். ஒரு பரிசுக்கும் இல்லை, ஒரு மீனுக்கும் இல்லை. பின்னேரம் வந்து வலித்துவிட்டு வீட்டுக்குப் போவது. அதற்காக மனைவிமாரிடம் ஏச்சு வாங்குவது.

நீ இல்லாத இந்த மாரியில் புது ஆட்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? பழைய ஆட்களில் சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், அதனால் புதுசாகச் சேர்த்தோம். வருகிறவன் எல்லாம் முதலில் தன் புயத்தைத்தான் காட்டுகிறான். "தம்பி, அதை வீட்டிலை வைச்சிட்டு வா" என்பேன். கையால் வலித்தால் பத்து நிமிஷத்தில் கை கழன்றுவிடும், இடுப்பால் திரும்பி வலிக்கவேண்டும். விலா நோகும். தொடை நோகும். வேறு ஓர் இடமும் நோகும், அதை நான் விபரிக்கவில்லை. முன்னுக்கு இருப்பவன் அள்ளி எறிகிற தண்ணீரில் உன் முகம் கழுவப்படும். துடுப்பைப் பார்க்காதே, அது எங்கும் போகாது. முன்னால் இருக்கிற முதுகைப் பார். களைத்தால் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டுச் சும்மா இரு, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் பிந்தி மட்டும் போடாதே. பிந்திப் போடுகிற ஒருவன் வலிக்காத மூன்று பேரை விடப் பாரம். ஹெலிகொப்டர் வருகிற சத்தம் கேட்டால் கேள்வி கேட்காமல் கரையோரக் கண்டல் பற்றைக்குள் வள்ளத்தை விடவேண்டும். இவ்வளவுதான். எல்லாம் நீ சொன்னதுதான். நான் நடுவில் கொஞ்சம் பகிடி கலந்தேன்.

ஒன்றை மட்டும் என்னால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. நீ இருந்த இடத்தில் என்ன செய்வது என்பதை.

நீ வள்ளத்தின் முன்முனையில், அணியத்துப் பலகையில் எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். வள்ளம் போகிற திசைக்கு உன் முதுகு. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைத்தான் துடுப்புக்கும் பாடினாய். "ஏலோ" என்றால் துடுப்பு தண்ணீருக்குள். நீ இழுக்கிறபடி நாங்கள் இழுப்போம். மூன்று அடி பாடுவாய். மூன்றாம் அடி முடிகிற இடத்தில் தொண்டையைச் செருமி ஒரு இருமல். நாங்கள் துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்போம். வள்ளம் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு நீ மறுபடி "ஏலோ". அதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. நீ இருமினாய், நாங்கள் நின்றோம். எப்போது அது பாட்டில் சேர்ந்தது?

அந்த இருமலை நான் உன் முகத்துக்கு நேரேயே செய்து காட்டியிருக்கிறேன். கலியாண வீட்டுப் பந்தலில், சலூனில், செத்த வீட்டில்கூட. தலையை இடப்பக்கம் சரித்து, ஒரு கண்ணை மூடி, "க்ஹும்". ஊரே விழுந்து சிரிக்கும். நீயும் சிரித்து, சிரிப்பில் உண்மையாகவே இருமி, "உவன் என்னைச் சாகடிக்கப்போறான்" என்பாய்.

பிறகு உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், "எவ்வளவு காலமா உந்த இருமல்?" என்று கேட்டார். நீ வாயைத் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டேன். "ஐயா, உந்த இருமலுக்குத்தானே நாங்கள் இவ்வளவு நாளும் துடுப்பு வலிச்சனாங்கள்!"

அவர் சிரிக்கவில்லை. படத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீதான் சிரித்தாய். எனக்காகச் சிரித்தாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த இருமலை நான் ஒருவருக்கும் செய்து காட்டவில்லை. உன் நெஞ்சு வருத்தத்துக்கு நாங்கள் தாளம் போட்டிருக்கிறோம் மச்சான். அது உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டே பாடினாயா?

மாசியில் நீ போனாய். வள்ளத்தைக் கவிழ்த்துக் கரையில் வைத்தோம். சித்திரை, வைகாசி எல்லாம் அது அப்படியே கிடந்தது. நாய் ஒன்று அதற்குக் கீழே குட்டி போட்டது. ஐப்பசியில் மழை விழுந்து உப்பாறு நிறைந்தபோது நடராசா அண்ணைதான் கேட்டார், "என்ன, இறக்குவமோ?" இறக்கினோம். அணியத்துப் பலகையில் இருக்க ஒருவனும் முன்வரவில்லை. கடைசியில் என்னைப் பிடித்து இருத்தினார்கள். "உனக்குத்தான் வாய் இருக்கு" என்றான் மணியம்.

நான் பாடினேன். என் குரலைப் பற்றி நீ சொல்லவேண்டாம், கரையில் நின்ற கொக்கே சொல்லிவிட்டுப் பறந்தது. குரலால் ஒன்றும் கெடவில்லை. மூன்றாம் அடி முடிந்ததும்தான் பிழை வந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். புது ஆட்கள் நிற்கவில்லை. அவர்களுக்கு ஏன் நிற்கவேண்டும் என்று தெரியாதே! பின்னால் இருந்தவனின் துடுப்பு நடராசா அண்ணையின் முதுகில் சாத்தியது.

"என்ரை முதுகென்ன தவிலோ?"

"நீங்கள் ஏன் அண்ணை நிண்டனீங்கள்?"

"நான் எங்கை நிண்டனான்? நீதான் ஓடினாய்."

அடுத்த நாளும் அதே இடம், அதே முதுகு. "நிக்காதையுங்கோ" என்று மூன்றாம் அடி முடிவில் கத்திப் பார்த்தேன். பழைய ஆட்களில் பாதிப்பேர் நின்றார்கள், மீதிப்பேர் அரைவாசி நின்றார்கள். மணியம் துடுப்பை மடியில் போட்டுவிட்டு, "கை தானா நிக்குது. அதை வெட்டியே எறியிறது?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் அதை வைத்துப் பகிடி பண்ணவில்லை. நம்பமாட்டாய்.

ஒருநாள் தவமணி கரைக்கு வந்தாள். நீ போனபிறகு அவள் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல். நாங்கள் நடு உப்பாற்றில் குறுக்கே நின்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தோம். வள்ளம் தறிகெட்ட மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. கரைக்கு வந்து இறங்கினோம். அவள் ஒருவரையும் பார்க்காமல் வள்ளத்தைத்தான் பார்த்தாள்.

"அண்ணை, பலகைக்காரன் வள்ளத்தை விலைக்குத் தரச்சொல்லி ரெண்டு தரம் வந்து கேட்டிட்டான். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அவரின்ரை வள்ளம் இப்பிடி ஆளுக்கொரு பக்கம் இழுபட்டு நிக்கிறதை என்னாலை பாக்கேலாது. ஆட்டைக்குள்ளை எல்லாரும் ஒண்டா வலிச்சுக் காட்டுங்கோ. ஏலாட்டி நான் குடுத்திடுவன், அவன் பிரிச்சுக்கொண்டு போகட்டும்."

சண்டை பிடித்திருந்தால் பகிடி சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புது ஆட்களில் யோகநாதன் என்று ஒருவன். கொக்குவிலில் இருந்து எங்கள் ஊருக்குக் கலியாணம் கட்டி வந்தவன், முப்பது வயது இருக்கும், அங்கே சுருட்டுச் சுற்றினவன். நீந்தத் தெரியாது. முதல் நாள் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தான். "மாப்பிள்ளை, உதாலை கறி கிளறுறேல்லை" என்று அவனை நான் படுத்திய பாடு உனக்குப் பிடித்திருக்கும். தவமணி போனபிறகு எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டிருக்க, அவன்தான் கேட்டான்.

"குறை நினைக்காதையுங்கோ. எங்கடை சுருட்டுக் கொட்டிலிலை ஒருத்தர் சத்தமாப் பேப்பர் வாசிப்பார். நாங்கள் கேட்டுக்கொண்டு சுத்துவம். அவர் பக்கம் திருப்பேக்கை எங்கடை கையும் ஒருக்கா நிண்டு போகும். அவர் வராத நாளிலையும் கை இடைக்கிடை அப்பிடி நிக்கும். நீங்களும் சும்மா நிக்கேல்லை. அந்த இடத்திலை முந்தி என்ன சத்தம் இருந்தது?"

எங்கள் எல்லாருக்கும் தெரியும், மச்சான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவரின்ரை இருமல்" என்றார் நடராசா அண்ணை.

"அப்ப அதையும் பாடுங்கோவன்" என்றான் யோகநாதன், ஏதோ விட்டுப்போன உப்பைப் போடச் சொல்வதுபோல.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இருமல் என்னிடம்தான் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை பந்தலில் காட்டியிருக்கிறேன்! "ஏலாது" என்றேன். "அது பகிடி. செத்தவனை வைச்சுப் பகிடி பண்ணேலாது." மணியம் மட்டும் மெதுவாக, "பகிடி இல்லாமல் செய்யுங்கோ அண்ணை" என்றான்.

பகிடி இல்லாமல் ஒரு காரியத்தை நான் எப்போது செய்திருக்கிறேன்?

அடுத்த நாள் பின்னேரம் ஏறினோம். முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடி முடிந்தது. தலை தானாக இடப்பக்கம் சரிந்தது. கண்ணை மூடினேன், இரண்டையும். "க்ஹும்."

துடுப்பு எல்லாம் ஒன்றாக மேலே வந்தது. பழைய கை, புதுக் கை, யோகநாதனின் கறிக் கரண்டிக் கை, எல்லாம். ஒரு சத்தம் இல்லை. துடுப்பில் இருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. வள்ளம் வழுக்கிக்கொண்டு போனது. நான் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நீ எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது இதைத்தானா ஒவ்வொரு நாளும் கண்டாய்? இவ்வளவு முகமும் உன் வாயை நம்பிக்கொண்டு?

அன்று இருட்டும்வரை வலித்தோம். நான் இருமிக்கொண்டே இருந்தேன். உன் வீட்டு வேலி வரைக்கும் அந்தச் சத்தம் போயிருக்கிறது. கரைக்கு வர, தவமணி செம்போடு நிற்கிறாள். கொத்தமல்லித் தண்ணீர், சுடச்சுட. உனக்குக் கொண்டுவருகிற அதே செம்பு.

"இவ்வளவு இருமிப்போட்டு வெறுந் தொண்டையோடை காத்திலை நிக்காதையுங்கோ எண்டு எத்தினை தரம்…"

யாருக்குச் சொல்லத் தொடங்கினாள் என்பது அப்போதுதான் அவளுக்கே விளங்கியது. செம்பை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன். வாய் வெந்தது, ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. அவள் வள்ளத்துக்குக் கிட்டப் போய் அணியத்தில் கையை வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணை, பலகைக்காரனைக் கண்டா வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

நான் அவனுடைய வீட்டுக்கே போய்ச் சொன்னேன். காணும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை.

தையில், மாட்டுக்குப் பொங்குகிற பட்டிப்பொங்கலன்று வாசிகசாலைக்காரர் வள்ளப் போட்டி வைத்தார்கள். பாலத்தடியில் இருந்து கோயிலடி வரை. மூன்று வள்ளம். போட்டிக்கு முதல்நாள் நடராசா அண்ணை ஒரு நியாயம் கேட்டார். "எல்லாரும் நிக்காமல் வலிக்க, நாங்கள் மட்டும் இருமி இருமி நிண்டால் எப்பிடி வெல்லுறது? ஒரு நாளைக்கு எண்டாலும் இருமாமல் போவமே?" முதுகில் வாங்கிய அடி இன்னும் ஆறாத மனிதர், அவரை ஏச முடியாது. பிறகு அவரே சொன்னார், "வேண்டாம். பிறகு அவன் இல்லாமல் போனமாதிரி இருக்கும்."

இருமித்தான் போனோம். நாங்கள் நிற்கிற ஒவ்வொரு தரமும் அக்கரை வள்ளம் ஒரு முழம் முன்னுக்குப் போனது. கரையில் நின்ற சனம் முதலில் சிரித்தது. நாலைந்து தரம் கேட்டபிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. உன்னைத் தெரிந்த சனம்தானே! கோயிலடிக்குக் கிட்டப் போக, நான் இருமுகிற இடத்தில் கரையும் சேர்ந்து பேசாமல் நின்றது. இரண்டாவதாக வந்தோம். மூன்றாவது வள்ளம் வழியில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது என்பதையும் சொல்லவேண்டும், நீ எப்படியும் கேட்பாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். கடல் ஒருநாள் திறக்கும். அன்றைக்கு உன் வள்ளத்தைத் திரும்பவும் வண்டிலில் ஏற்றிக் கடலில் விடுவோம். அலை தாண்டி நீ முதல் வலை போடுகிற இடத்துக்குப் போய், மூன்று அடி பாடி, அந்த இடத்தில் நிற்போம். என் தொண்டை இருக்கும்வரை நான். அதற்குப் பிறகு யோகநாதன். அவனைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு அவன் இருமுவது ஆடு தும்முகிறமாதிரி இருக்கிறது, சரிவரும்.

ஒரு சின்ன விஷயம் மிச்சம். போட்டி முடிந்து கோயிலடியில் எல்லாரும் எழும்பிக் கும்பிட்டோம். நானும் எழும்பினேன். பழைய தையல். களிசான் பின்னால் வாய் திறந்து, தலையணை தண்ணீரில் விழுந்தது. இலவம் பஞ்சு என்றபடியால் அது தாழவில்லை. காற்று பாலத்தடிப் பக்கமாக அடித்தது. அது போகிற வழியில், கரையில் போட்டிருந்த பரிசு மேசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. வாசிகசாலைத் தலைவர் அதை ஒரு தடியால் எடுத்து, பிழிந்து, யாருடையது என்று ஒலிபெருக்கியில் கேட்டார். ஒருவரும் போய் எடுக்கவில்லை. இன்னும் அது வாசிகசாலையில் காய்கிறது.

இப்படிக்கு,
உன் பெண்சாதிக்கு அண்ணனும்
உன் இருமலுக்குக் காவல்காரனுமான
மச்சான் செல்லத்துரை